நவம்பர், டிசம்பர் மட்டும் மாடலும் மின்கட்டணமும் ஒத்துப்போகவில்லை (எனர்ஜிபிளஸ்)

முகில்_86:
வணக்கம் நண்பர்களே. சென்னை ஓஎம்ஆரில் ஆறு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றுக்கு எனர்ஜிபிளஸில் (கட்டடத்தின் மின்செலவைக் கணிக்கும் மென்பொருள்) மாடல் செய்திருக்கிறேன். ஜன்னல் கண்ணாடியை மாற்றினால் எவ்வளவு மிச்சமாகும் என்று உரிமையாளர் கேட்கிறார். அதற்கு முன் போன வருட மின்கட்டணத்தோடு மாடல் பொருந்துகிறதா என்று பார்த்தேன். ஜனவரி முதல் அக்டோபர் வரை அழகாகப் பொருந்துகிறது. நவம்பரிலும் டிசம்பரிலும் பில், மாடலைவிட 20 சதவீதம் அதிகம். மழைக்காலம், வெளியே 26 டிகிரி. ஏசி லோடு இறங்கத்தானே வேண்டும்? மாடலில் இறங்குகிறது, பில்லில் இறங்கவில்லை.

மாடிக்கு ஓர் ஏஎச்யூ (காற்றைக் குளிர்வித்து மாடிக்குள் தள்ளும் ஃபேன் பெட்டி), கீழே அவற்றுக்குக் குளிர்நீர் தர, தண்ணீரில் குளிரும் இரண்டு சில்லர்கள். காலை 8 முதல் இரவு 8 வரை ஓடுவதாக பிஎம்எஸ் (கட்டடத்தின் கருவிகளை இயக்கும் கணினி) ஷெட்யூல் சொல்கிறது. நானே திறந்து பார்த்தேன், அப்படித்தான் இருக்கிறது.

மாடலைச் சரிபார்க்க ஏசி பொறியாளர் சங்கமான ஆஷ்ரே வெளியிட்ட 'கைடுலைன் 14', மாதக் கணக்குக்குக் கேட்பது சராசரிப் பிழை 5 சதவீதத்துக்குள், சிவிஆர்எம்எஸ்இ (மாதாமாதப் பிழையின் சிதறல்) 15 சதவீதத்துக்குள். பத்து மாதம் நன்றாக இருப்பதால் இரண்டிலுமே மாடல் தேறிவிடுகிறது. அலுவலகத்தில் "அனுப்பிவிடு" என்கிறார்கள். அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் கதவு, ஜன்னல் இடுக்கு வழியாக வரும் காற்றைக் கூட்டிப் பார்த்தேன், கோடுகள் கச்சிதமாக ஒட்டிக்கொண்டன. ஆனால் மனசு ஒப்பவில்லை. நவம்பரில் மட்டும் கட்டடம் எப்படி ஓட்டையாகும்?

தென்றல்:
எந்த வானிலைக் கோப்பு? இஷ்ரேயின் (இந்திய ஏசி பொறியாளர் சங்கம்) சென்னைக் கோப்பு என்றால் அது வெவ்வேறு வருடங்களின் மாதங்களை ஒட்டித் தைத்த 'வழக்கமான வருடம்'. அதைப் போன வருட பில்லோடு ஒப்பிடக்கூடாது.

முகில்_86:
அதை முதலிலேயே மாற்றிவிட்டேன். மீனம்பாக்கத்தின் போன வருட அளவீடுகளை வைத்துத்தான் ஓட்டுகிறேன். இடைவெளி அப்படியே இருக்கிறது.

ஏஎச்யூ_ரூம்:
தம்பி, இடுக்குக் காற்றை முதலில் பழைய எண்ணுக்கே கொண்டுபோங்கள். உங்கள் மனசு சொன்னதுதான் சரி. அந்த எண்ணோடு கண்ணாடிக் கணக்குப் போட்டால் உரிமையாளர் கோடிக்கணக்கில் செலவழிக்கப்போவது ஒரு பொய்யை நம்பி.

நான் பதினான்கு வருடமாக பிஎம்எஸ் கமிஷனிங் (சோதித்து ஓடவைத்துக் கொடுப்பது) செய்கிறேன், சிமுலேஷன் ஆள் இல்லை. ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு வரியில் நின்றுவிட்டேன்: "ஷெட்யூலைத் திறந்து பார்த்தேன்." ஷெட்யூல் சொல்வது ஆசை. ஃபேன் செய்வது வேறாக இருக்கலாம்.

பேக்நெட்டில் (பிஎம்எஸ்ஸும் கருவிகளும் பேசிக்கொள்ளும் நெட்வொர்க் மொழி) ஃபேனை ஓட்டும் அவுட்புட்டுக்கு 16 முன்னுரிமைப் படிகள் உண்டு. சின்ன எண்ணுக்குத்தான் அதிகாரம். ஷெட்யூல் பொதுவாக 16ஆம் படியில் எழுதும். ஆபரேட்டர் திரையில் கையால் 'ஆன்' கொடுத்தால் அது 8ஆம் படியில் போய் உட்காரும். அங்கே 'நல்' (காலி மதிப்பு) எழுதி விடுவிக்கும்வரை அது தானாகப் போகாது. இரவு 8 மணிக்கு ஷெட்யூல் 'ஆஃப்' என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கும், கேட்கத்தான் ஆள் இருக்காது.

இரண்டு வேலை செய்யுங்கள். மாத பில்லை ஓரமாக வைத்துவிட்டு, சில்லர் பேனல் மீட்டரின் 15 நிமிட டேட்டாவை எடுத்து இரவு 2 மணிக்கு எத்தனை கிலோவாட் என்று பாருங்கள், அக்டோபரில் ஓர் இரவு, நவம்பரில் ஓர் இரவு. அப்புறம் பேக்நெட் கருவிகளைப் படிக்கும் யாபேயை லேப்டாப்பில் போட்டு, கன்ட்ரோலர் நெட்வொர்க்கில் 47808 போர்ட்டில் இணைந்து, ஒவ்வொரு ஏஎச்யூ ஃபேனின் முன்னுரிமை வரிசையையும் படியுங்கள். இலவச மென்பொருள்தான். படிக்க மட்டும் செய்யுங்கள், எதையும் எழுதவேண்டாம்.

மழைக்கால இரவில் ஏஎச்யூ ஓடினால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். வெளியே 25 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல். அந்தக் காற்றிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீரைப் பிரித்தெடுக்கவே ஏறத்தாழ 0.68 கிலோவாட்-மணி குளிர்ச்சி வேண்டும். தெர்மாமீட்டரை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது.

முகில்_86:
நாலு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அண்ணா, அப்படியே நடந்திருக்கிறது.

அக்டோபரில் இரவு 2 மணிக்கு சில்லர் பேனல் கிட்டத்தட்ட சுழியம். நவம்பர் 6க்குப் பிறகு எல்லா இரவும் 70 கிலோவாட் அளவில். ஞாயிற்றுக்கிழமைகூட. யாபேயில் மூன்றாம் மாடி, ஐந்தாம் மாடி ஃபேன் இரண்டுக்கும் 8ஆம் படியில் 'ஆக்டிவ்' (ஆன்). மற்ற நாலும் அந்தப் படியில் காலி.

நேற்று இரவு 11 மணிக்கு நேரில் போனேன். மூன்றாம் மாடியில் விளக்கெல்லாம் அணைந்து இருட்டு. ஏஎச்யூ அறைக் கதவைத் திறந்தால் பெல்ட் ஓடும் சத்தம், டிரெயின் பைப்பின் வளைவிலிருந்து தண்ணீர் நிற்காமல் சொட்டிக்கொண்டிருந்தது. ஆள் இல்லாத மாடிக்கு! பிஎம்எஸ் திரையில் அந்த ஃபேன் படத்தின் ஓரத்தில் அரிசியளவுக்கு ஒரு மஞ்சள் கை. அதுதான் 'மேனுவல்' அடையாளமாம். எத்தனை முறை அந்தத் திரையைப் பார்த்திருப்பேன்.

நைட் ஷிஃப்ட் ஆபரேட்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். முதல் பெருமழைக்குப் பிறகு அந்த இரண்டு மாடியிலும் கார்ப்பெட் ஊறல் வாடை அடிக்கிறது என்று புகார். காயட்டும் என்று இரவிலும் ஓடவிட்டிருக்கிறார். செய்தது நல்ல எண்ணத்தில்தான். நிறுத்தச் சொல்ல யாருக்கும் நினைவில்லை. இப்போது இதை மாடலில் எப்படிக் கொண்டுவருவது?

ஏஎச்யூ_ரூம்:
ஆபரேட்டரைக் குறை சொல்லவேண்டாம், அவரிடம் கேட்டீர்களே, அதுவே பெரிசு. விடுவிக்கும்போது மட்டும் பக்கத்தில் நில்லுங்கள். 8ஆம் படியில் 'இன்ஆக்டிவ்' (ஆஃப்) என்று எழுதிவிட்டு விடுவித்ததாக நினைப்பவர்கள் நிறையப் பேர். காலை 8 மணிக்கு ஃபேன் கிளம்பாது, மாடி முழுக்கப் புழுக்கம், போன் மேல் போன். எழுதவேண்டியது 'நல்'.

மாடல் பக்கம் தென்றல் சொல்லட்டும்.

தென்றல்:
ஃபேன் ஓடியதைக் காட்டும் ஸ்டேட்டஸ் பாயிண்டை எடுத்து சிஎஸ்வி ஆக்கி, எனர்ஜிபிளஸின் 'ஷெட்யூல்:ஃபைல்' வழியாகக் கொடுங்கள். மணிக்கு ஒரு வரி என்றால் வருடத்துக்கு 8760 வரிகள். பிஎம்எஸ் மாற்றம் நடந்தபோது மட்டும் பதிந்திருந்தால் நடுவில் உள்ள இடங்களை முந்தைய மதிப்பால் நிரப்பவேண்டும், சராசரி எடுக்கக்கூடாது. முதல் வரி நள்ளிரவு 12 முதல் 1 மணி வரைக்குமானது. இதில் ஒரு மணி நேரம் தவறுவது சாதாரணமாக நடக்கும்.

ஃபேனை மட்டும் மாற்றினால் போதாது. குறைந்தபட்ச வெளிக்காற்று ஷெட்யூல் இரவில் பூஜ்யமாக இருந்தால் ஈரம் உள்ளேயே வராது, உங்கள் லோடும் வராது. தெர்மோஸ்டாட் இரவில் 30க்கு ஏற்றி வைத்திருந்தால் அந்த இரண்டு மாடிக்கும் அதையும் 24க்கு இறக்குங்கள். மூன்றும் சேர்ந்தால்தான் கட்டடம் செய்ததை மாடல் செய்யும்.

முகில்_86:
வெளிக்காற்று ஷெட்யூலை நான் மறந்தேதான் போயிருப்பேன். ஃபேன் மட்டும் மாற்றியபோது இடைவெளி பாதிகூடக் குறையவில்லை. மூன்றையும் மாற்றியதும் நவம்பர் 4 சதவீதம், டிசம்பர் 3 சதவீதம். இடுக்குக் காற்று பழைய எண்ணிலேயே இருக்கிறது.

இன்று காலை ஆபரேட்டரும் நானும் சேர்ந்து இரண்டையும் விடுவித்தோம். 8 மணிக்கு இரண்டு ஃபேனும் தானாகக் கிளம்பின. கார்ப்பெட் வாடைக்கு ஐந்தாம் மாடி ஜன்னல் சீலண்டைப் பார்க்க ஆள் வருகிறார். கண்ணாடிக் கணக்கை இரவு ஓட்டம் இல்லாத ஷெட்யூலோடு நாளை மறுபடி போடுகிறேன். ரொம்ப நன்றி அண்ணா, தென்றல்.