வீட்ல சாது, டாக்டர் டேபிள்ல புலி... என் பூனைக்கு சுகரா, பயமா?

மீசைக்காரன்:
எங்க பூனைக்கு அஞ்சு வயசு, ஆண், வீட்ல யார் தூக்கினாலும் துணி மாதிரி தொங்கும். ஆனா கூடையை பரண்ல இருந்து இறக்குற சத்தம் கேட்டா போதும், கட்டிலுக்கு அடியில சுவரோட ஒட்டிக்கும். போன வாரம் செக்கப்புக்கு எப்படியோ இழுத்துப் போட்டு கொண்டுபோனேன், டேபிள்ல வச்சதும் காது ரெண்டும் படுத்துடுச்சு, சீறிக்கிட்டே அசிஸ்டன்ட் கையை பிராண்டிடுச்சு, கடைசில கழுத்துத் தோலைப் பிடிச்சு அமுக்கித்தான் ரத்தம் எடுத்தாங்க. சுகர் 240. இடையில கொஞ்ச நேரம் குர்ர்குர்ர்னு வேற சொல்லிச்சு, சந்தோஷமா இருந்தாதானே அப்படி சொல்லும்? ஒண்ணும் புரியல.

பழையபஞ்சாங்கம்:
ரொம்ப செல்லம் குடுத்துட்டீங்க பாஸ். தாய்ப்பூனையே குட்டியை கழுத்தைக் கவ்வித்தானே தூக்குது, அமுக்கினா அடங்கிடும்.

ஊசிக்கை:
நான் கிளினிக்ல வேலை பாக்குறேன், அதனால இதுக்கு சண்டை போட்டே ஆகணும் 😄 தாய் தூக்குறது சின்னக் குட்டியை. வளர்ந்த பூனை கழுத்தைப் பிடிச்சதும் அசையாம இருக்குன்னா அது அடங்கல, பயத்துல உறைஞ்சு போயிருக்கு. 2022ல பூனை டாக்டர்களோட ரெண்டு பெரிய சங்கங்கள் சேர்ந்து போட்ட வழிகாட்டுதல்லயே கழுத்துத் தோலைப் பிடிக்காதீங்கன்னு இருக்கு.

மீசைக்காரன், சுகருக்கு இப்பவே பயப்படாதீங்க. பயத்துல அட்ரினலின் ஏறினா கல்லீரல் சர்க்கரையை ரத்தத்துல கொட்டும், பூனைக்கு இது ரொம்பவே ஜாஸ்தி, சர்க்கரை நோய் இல்லாத பூனைக்கே 300 தாண்டலாம். ஃப்ரக்டோசமைன் டெஸ்ட் கேளுங்க, அது முந்தின ஒண்ணு ரெண்டு வார சராசரியைக் காட்டும், டேபிள் பயம் அதுல ஏறாது. வீட்ல பிடிச்ச யூரின்ல சர்க்கரை இருக்கான்னும் பாக்கலாம். தண்ணி நிறைய குடிக்குது, எடை குறையுதுன்னா மட்டும் தள்ளிப்போடாதீங்க.

குர்ர் சத்தத்தை நம்பவே நம்பாதீங்க, வலியிலயும் பயத்துலயும் கூட போடும். வலி இருக்கான்னு முகத்துல பாக்கலாம், ஆனா வீட்ல அமைதியா இருக்கும்போது. காது, கண் இடுக்கம், மூக்கு வாய்ப் பக்க இறுக்கம், மீசை, தலை தோளுக்குக் கீழ தொங்குதா, இந்த அஞ்சுக்கும் 0ல இருந்து 2 வரை மார்க் போடுற அளவுகோல் 2019ல மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்துல வந்தது. 10க்கு 4 தொட்டா வலி மருந்து பத்தி டாக்டர்ட்ட பேசணும்.

பஞ்சுமூட்டை:
எங்களுது இதைவிட மோசம். நாங்க செஞ்சது ஒண்ணுதான், கூடையை பரண்ல ஏத்தவே இல்ல. கதவைக் கழட்டிட்டு உள்ள பழைய துண்டு போட்டு ஹால்லயே விட்டுட்டோம், சாப்பாடு அதுக்குப் பக்கத்துல, அப்புறம் வாசல்ல, அப்புறம் உள்ள. மாசக்கணக்குல ஆச்சு. மேல்மூடி கழண்டு வர்ற கூடையா வாங்குங்க, கீழ்பாதியில உக்கார வச்சே டாக்டர் பாத்துடுவார். போகும்போது துண்டு போட்டு மூடிடுங்க. கிளம்ப ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி குடுக்க காபாபென்டின்னு பயத்தைக் குறைக்கிற மருந்து எழுதிக் குடுத்தாங்க. டோஸ் டாக்டர் சொல்றதுதான், நீங்களா குடுத்துடாதீங்க.

மீசைக்காரன்:
அப்டேட். ஃப்ரக்டோசமைன் நார்மல்! கூடை பத்து நாளா ஹால்ல கிடக்கு. இன்னிக்கு காலைல முன்னங்கால் ரெண்டை மட்டும் உள்ள வச்சு, கழுத்தை நீட்டி பிஸ்கட்டை எடுத்துட்டு ஒரே ஓட்டம்.