அப்பாவின் வருமான வரி ரிட்டர்ன்: காசு வாங்காமல் உதவி செய்ய யாராவது இருக்கிறார்களா?

வைகைக்கரை (ஆகஸ்ட் 11, 2025)

எல்லாருக்கும் வணக்கம். அப்பா அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்து 2023-ல் ஓய்வு பெற்றார். பென்ஷன் மாதம் 22,000. ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் 10 லட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலும், 8 லட்சத்தை ஒரு வங்கியில் எஃப்டியாகவும் போட்டிருக்கிறார். வேறு வருமானம் கிடையாது, வீடு சொந்த வீடு.

அஞ்சலகத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 20,500 வட்டி வர வேண்டும், 18,450தான் ஏறுகிறது. கேட்டால் டிடிஎஸ் (வட்டியிலிருந்தே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடித்திருக்கிறோம், ரிட்டர்ன் போட்டால் திரும்ப வரும் என்கிறார்கள். அப்பா பாஸ்புக்கில் அந்த ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் 2,050, 2,050 என்று குறித்து வைத்திருக்கிறார். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அதை எடுத்து நீட்டுகிறார். வாய்விட்டு ஒன்றும் கேட்க மாட்டார், நீட்டுவார், அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் விசாரித்தேன். 1,500 ரூபாய் ஃபீஸ், அதுபோக ரீஃபண்ட் வந்தால் அதில் பத்து சதவீதம் என்றார். பான், ஆதார், பாஸ்புக் நகல் கொடுத்துவிட்டுப் போங்கள், ஓடிபி வந்தால் போனில் சொல்லுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன், பிடித்ததைவிடக் கூடுதலாகவே வாங்கித் தரலாம் என்றும் சொன்னார். அந்தக் கடைசிப் பேச்சுதான் உறுத்துகிறது. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருக்கிறேன், கணக்கெல்லாம் படித்ததில்லை. இதை இலவசமாகச் செய்து தர, இல்லாவிட்டால் கூட இருந்து சொல்லித் தர ஏதாவது வழி இருக்கிறதா?


மலர்விழி_தென்காசி

தம்பி, முதலில் அந்த சென்டருக்கு எதையும் கொடுக்காதீர்கள். என் மாமியாருக்கு மூன்று வருடமாக நான்தான் போடுகிறேன், நானும் தமிழ் இலக்கியம் படித்தவள்தான். உங்கள் அப்பா மாதிரி பென்ஷனும் வட்டியும் மட்டும் உள்ளவர்களுக்கு வருமான வரித்துறையின் இணையதளத்திலேயே ஒரு பைசா செலவில்லாமல் போடலாம். ஐடிஆர்-1, சஹஜ் என்று பெயர். மொத்த வருமானம் 50 லட்சத்துக்குள் உள்ளவர்களுக்கான படிவம், பாதி விவரம் ஏற்கெனவே நிரப்பித்தான் திறக்கும். விண்டோவில் முகவரியை நீங்களே கவனமாக அடித்துப் போங்கள்: இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன். கூகுளில் தேடினால் மேலே வருவதெல்லாம் காசு வாங்கும் தளங்கள்.

உள்ளே போனதும் ரிட்டர்னைத் திறக்காதீர்கள், முதலில் ஏஐஎஸ் என்று இருப்பதைத் திறந்து பாருங்கள். அப்பாவின் பான் எண்ணில் யார் யார் எவ்வளவு வட்டி கொடுத்தார்கள், எவ்வளவு வரி பிடித்தார்கள் எல்லாம் அதில் இருக்கும். 26ஏஎஸ் என்பதையும் இறக்கிக்கொள்ளுங்கள், பிடித்த வரி அதில் வந்திருந்தால்தான் ரீஃபண்ட் கேட்க முடியும். பென்ஷனுக்கு ஃபார்ம் 16 (அந்த வருடப் பென்ஷனும் பிடித்த வரியும் காட்டும் சான்றிதழ்) இருந்தால் நல்லது, இல்லையென்றால் சார்கருவூலத்தில் கேட்டுப் பாருங்கள், அதுவும் இல்லையென்றால் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை வந்த பென்ஷனைப் பாஸ்புக்கைப் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். மெடிக்கல் இன்சூரன்ஸுக்குப் பென்ஷனிலிருந்து பிடிப்பதை மறந்துவிடாதீர்கள், பிடிக்கும் முன் உள்ள தொகைதான் வருமானம்.

உங்கள் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். பென்ஷன் 2,64,000. அஞ்சலக வட்டி 82,000. எஃப்டி ஏழரை சதவீதம் என்று வைத்தால் 60,000. ஆக 4,06,000. 2024-25 நிதியாண்டுக்கான புதிய வரி முறையில் பென்ஷனுக்கு 75,000 நிலையான கழிவு போக 3,31,000. அதில் 3 லட்சம் வரை வரி இல்லை, மிச்சம் 31,000-க்கு 5 சதவீதம் 1,550 ரூபாய், அதையும் 87ஏ தள்ளுபடி முழுதாக எடுத்துவிடும் (7 லட்சம் வரை வரி வராது என்கிறார்களே, அதுதான் இது). வரி பூஜ்யம். அஞ்சலகம் பிடித்த 8,200-ம், வங்கியும் அதேபோலப் பத்து சதவீதம் பிடித்திருந்தால் அந்த 6,000-மும் சேர்த்து 14,200 அப்படியே திரும்ப வர வேண்டும். இதற்கு 1,500 ஃபீஸ், மேலே 1,420 கமிஷன்! ஒன்றரை மாத மருந்துச் செலவு அது.

இன்னொன்று, வரி வராவிட்டாலும் 3 லட்சத்தைத் தாண்டியதால் அப்பா ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். இந்த வருடம் செப்டம்பர் 15 வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். தாண்டினால் அவர் வருமானத்துக்கு 1,000 ரூபாய் அபராதக் கட்டணம்.


செங்கோட்டையன்_தேனி

"கூடுதலாகவே வாங்கித் தரலாம்" என்று சொன்ன ஆளிடம் சிக்கியவன் நான், அதனால் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் கம்பெனியில் பத்துப் பதினைந்து பேருக்கு ஒருவர் மொத்தமாகப் போட்டுக் கொடுத்தார், ரீஃபண்டில் அவருக்குப் பங்கு. எனக்கு 38,000 வந்தது. எனக்கே ஆச்சரியம், ஆனால் வந்த பணத்தை யார் கேள்வி கேட்பார்கள் என்று விட்டுவிட்டேன். மனைவியின் பிரசவத்துக்குச் செலவும் ஆகிவிட்டது. பிறகுதான் தெரிந்தது, நான் கட்டாத வீட்டு வாடகை, நான் கொடுக்காத அரசியல் கட்சி நன்கொடை, எடுக்காத கல்விக் கடன் எல்லாம் என் பெயரில் கழிவாகக் காட்டியிருக்கிறார். நோட்டீஸ் வந்தது எங்கே தெரியுமா, அவர் புதிதாகத் திறந்து கொடுத்த ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு. அதன் பாஸ்வேர்டே என்னிடம் இல்லை. கடைசியில் வாங்கியதையும் கட்டி, அதற்கு வட்டியும் கட்டினேன். அவருக்குக் கொடுத்த பங்கு போனது போனதுதான், போனையும் எடுப்பதில்லை.

போன மாதம் 14-ஆம் தேதி வருமான வரித்துறை நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை போட்டதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். இதே வேலைதான், இதே தற்காலிக மின்னஞ்சல் தந்திரம்தான், துறையின் அறிக்கையில் தமிழ்நாட்டின் பெயரும் இருந்தது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ரிட்டர்னில் என்ன எழுதியிருந்தாலும் பொறுப்பு பான் கார்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான். யாரிடம் கொடுத்துப் போட்டாலும் மின்னஞ்சல், போன் நம்பர், பாஸ்வேர்டு மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும். ஓடிபியைப் போனில் படித்துச் சொல்வது வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது மாதிரி. அப்பாவின் கடைசிக் காலச் சேமிப்பு அது, தயவுசெய்து யோசியுங்கள்.


பழைய_கணக்கர்

நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த அம்மா போட்ட கணக்கு சரியாக இருக்கிறது.

நேரில் உதவி வேண்டும் என்றால், வருமான வரி அலுவலகங்களில் ஆயக்கர் சேவா கேந்திரா என்று ஒரு பிரிவு இருக்கும், சந்தேகம் கேட்கலாம், மனு கொடுக்கலாம். உட்கார வைத்து முழு ரிட்டர்னும் போட்டுத் தருவார்கள் என்று எதிர்பார்த்துப் போக வேண்டாம். போனில் கேட்க 1800 103 0025, 1800 419 0025, இரண்டும் கட்டணமில்லா எண்கள். 2006-ல் அரசே பட்டதாரிகளுக்கு ரிட்டர்ன் போட்டுத் தரப் பயிற்சி கொடுத்து டிஆர்பி என்று ஒரு திட்டம் கொண்டு வந்தது, ஆனால் உங்களுக்கு அதைத் தேடி அலைவதைவிட உங்கள் ஊர் ஓய்வூதியர் சங்கத்தில் கேட்பது மேல். அங்கே ஓய்வு பெற்ற கருவூல ஊழியர் ஒருவராவது இருப்பார், ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போதும், பொறுமையாகச் சொல்லித் தருவார். பக்கத்தில் கல்லூரி இருந்தால் வணிகவியல் துறையிலும் கேளுங்கள், பிள்ளைகளுக்கும் அது பாடம்தான்.

ஆனால் தம்பி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. அப்பாவுக்கு இந்த டிடிஎஸ் பிடித்திருக்கவே வேண்டாம். 60 வயது ஆனவர்கள் வரி வராது என்றால் 15ஹெச் படிவம் (எனக்கு வரி வராது, பிடிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது) கொடுக்கலாம், தள்ளுபடிக்குப் பிறகு பூஜ்யம் என்றாலும் கொடுக்கலாம். வங்கிக்குத் தனி, அஞ்சலகத்துக்குத் தனி, ஒவ்வொரு வருடமும் ஏப்ரலில் புதிதாகக் கொடுக்க வேண்டும், போன வருடம் கொடுத்தேனே என்று இருந்துவிடக் கூடாது. கொடுத்தால் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் ரீஃபண்டுக்கு அலைந்த பெரியவர்களில் பாதிப் பேர் இந்த ஒற்றைத் தாளைக் கொடுக்காதவர்கள்தான், யாரும் அவர்களிடம் சொன்னதில்லை, கவுண்டரிலும் கேட்காமல் சொல்வதில்லை. 2025 ஏப்ரலிலிருந்து மூத்த குடிமக்களுக்கு வங்கி, அஞ்சலக வட்டியில் டிடிஎஸ் வரம்பு 50,000-லிருந்து ஒரு லட்சமாகிவிட்டது, அது கொடுப்பவர் வாரியாகத்தான், அதனால் உங்கள் அப்பாவுக்கு இனி இரண்டு இடத்திலும் பிடிக்க மாட்டார்கள். இருந்தாலும் 15ஹெச் கொடுத்து வையுங்கள்.


வைகைக்கரை (ஆகஸ்ட் 17)

அக்கா, ஐயா, செங்கோட்டையன் அண்ணா, மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்து திறந்தேன். இரண்டு இடத்தில் நிற்கிறது. ஒன்று, ஆதாரில் இருப்பது அப்பாவின் பழைய போன் நம்பர், அது இப்போது உபயோகத்தில் இல்லை, ஓடிபி வராது. இரண்டு, எஃப்டி இன்னும் முதிரவில்லை, வட்டி என்று கையில் ஒரு ரூபாய்கூட வரவில்லை, ஆனால் ஏஐஎஸ்ஸில் 60,000 காட்டுகிறது. அப்பா வராத பணத்தை வந்ததாக எப்படி எழுதுவது, பொய்க்கணக்கு ஆகாதா என்கிறார். நியாயமாகத்தானே கேட்கிறார்?


பழைய_கணக்கர்

நேர்மையான மனுஷர், என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அது முதிர்ச்சியில் மொத்தமாகத் தரும் வகை எஃப்டி. கையில் தராவிட்டாலும் வங்கி ஒவ்வொரு வருடமும் வட்டியைக் கணக்கில் சேர்த்துக்கொண்டே வரும், அதற்குத்தான் 6,000 பிடித்தார்கள். அந்த வருட வட்டியை அந்த வருடமே காட்டிவிடுங்கள், அது பொய்க்கணக்கு இல்லை. இப்போது காட்டாமல் விட்டால் இந்த 6,000-ஐயும் இப்போது கேட்க முடியாது, எல்லா வருட வட்டியும் முதிரும் வருடத்தில் ஒரே மூட்டையாகத் தலையில் விழும்.

ஆதாருக்கு: அஞ்சலகத்திலேயே ஆதார் மையம் இருந்தால் நம்பரை மாற்றிக்கொள்ளலாம், சின்னக் கட்டணம்தான். அதற்குள் அவசரம் என்றால் போட்ட ரிட்டர்னை நெட் பேங்கிங் வழியாகவும் சரிபார்க்கலாம். எதுவும் முடியாதென்றால் ஐடிஆர்-வி தாளை (ரிட்டர்ன் போட்டதும் தளம் தரும் ஒப்புகைத் தாள்) அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு பெங்களூருவில் உள்ள வருமான வரித்துறையின் சிபிசி மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். எதுவானாலும் போட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் முடிய வேண்டும். ரிட்டர்னைப் போட்டுவிட்டு இந்தச் சரிபார்ப்பை மறந்தவர்கள் எத்தனையோ பேர், அப்படி விட்டால் போட்டதாகவே கணக்கில்லை.


மலர்விழி_தென்காசி

நான் சொல்ல விட்டது இரண்டு. வேலையின் வகை கேட்கும் இடத்தில் பென்ஷனர்ஸ் எஸ்ஜி, அதாவது மாநில அரசு, அதைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் ரீஃபண்ட் வர வேண்டிய வங்கிக் கணக்கை முதலிலேயே தளத்தில் சரிபார்த்து வைத்துவிடுங்கள், பான் கார்டில் உள்ள பெயரும் வங்கியில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். என் மாமியாருக்கு இனிஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் விரித்து எழுதியிருந்தது, அதற்கே ஒரு மாதம் போனது. சேமிப்புக் கணக்கு வட்டியும் சின்னதாக இருக்கும், அதையும் சேருங்கள்.


வைகைக்கரை (செப்டம்பர் 9)

வந்துவிட்டது! ஆதாரில் போன் நம்பரை மாற்றி ஆகஸ்ட் 23-ஆம் தேதி போட்டோம், சேமிப்புக் கணக்கு வட்டி 1,140 இருந்தது, அதையும் சேர்த்தும் வரி பூஜ்யம்தான். இன்று காலை அப்பாவின் போனுக்கு மெசேஜ், 14,630 வரவு. 430 ரூபாய் கூடுதலாக இருப்பதைப் பார்த்ததும் செங்கோட்டையன் அண்ணா சொன்னது ஞாபகம் வந்து ஒரு நிமிடம் பயந்துவிட்டேன். அப்புறம் உள்ளே போய்ப் பார்த்தால் ரீஃபண்டுக்கு அவர்கள் தரும் வட்டி, மாதம் அரை சதவீதம். அதை அடுத்த வருட ரிட்டர்னில் வருமானமாகக் காட்ட வேண்டுமாம், குறித்து வைத்துக்கொண்டேன்.

அப்பா பாஸ்புக்கை எடுத்து அந்த நான்கு 2,050-க்கும் பேனாவால் டிக் போட்டார். போட்டுவிட்டு, எதிர்வீட்டுச் சத்துணவு அமைப்பாளர் அம்மாவுக்கும் இப்படித்தான் பிடிக்கிறார்களாம், வந்து பார்க்கிறாயா என்றார். அந்த அம்மாவுக்கு வயது 58. அவர்களுக்கும் 15ஹெச்தானா?


பழைய_கணக்கர்

இல்லை தம்பி, 60-க்குக் கீழே என்றால் 15ஜி. அதில் வரி பூஜ்யம் என்பதோடு இன்னொரு நிபந்தனையும் உண்டு, மொத்த வட்டியே அடிப்படை விலக்கு வரம்பை (வரியே இல்லாத வருமான அளவை) தாண்டக் கூடாது. அவர்கள் பாஸ்புக்கையும் 26ஏஎஸ்ஸையும் பார்த்துவிட்டு, பெயர், பான் எதுவும் இல்லாமல் தொகைகளை மட்டும் இங்கே எழுதுங்கள். இன்னும் ஆறு நாள் இருக்கிறது, போட்டுவிடலாம்.