மறு: மரத்துக்கான பிட்களுக்குப் பெயர் – உடம்பை வைத்தா, முனையை வைத்தா?

பாம்பனிலிருந்து:

கீழக்கரைக் காக்கா (அண்ணா), வணக்கம்.

புதிதாக மரவேலை பழகுபவர்களுக்கான கையேட்டில், துளையிடும் மிஷினில் மாட்டும் பிட்டுக்கு 'அலகு' என்று போடலாம் என்றீர்கள். எனக்கு உடன்பாடில்லை. "6 மி.மீ. அலகு" என்று அச்சிட்டால் அது அளவா கருவியா என்று பையன்கள் குழம்புவார்கள். துளையிடும் கருவிக்குத் 'தமர்' என்ற சொல் அகராதியிலேயே இருக்கிறது. சுற்றுகிற மிஷினைத் துறப்பணம் என்போம், அதன் வாயில் மாட்டுவதைத் தமர் என்போம்.

உடம்பை வைத்து 'முறுக்கு பிட்' என்று பெயர் வைப்பது வேண்டவே வேண்டாம். இரும்புக்கானதும் மரத்துக்கானதும் உடம்பில் ஒரே முறுக்குதான். வித்தியாசம் முழுக்க நுனியில். இரும்பு பிட்டின் நுனி பெரும்பாலும் 118 டிகிரிக் கூம்பு. மரத்தில் வைத்து அழுத்தினால் இழை இழுக்கிற பக்கம் சறுக்கி, குறியை விட்டுத் தள்ளி இறங்கும். மர பிட்டில் நடுவில் ஒரு ஊசி, விளிம்பில் இரண்டு முள். ஊசி குறியில் குத்தி நிற்கும். முள் இரண்டும் இழையை வட்டமாக அறுக்கும். அதற்குப் பிறகுதான் வெட்டுவாய் உள்ளே சீவும். அதனால்தான் துளைவாய் பிசிறில்லாமல் வருகிறது. ஆகவே ஊசிமுனைத் தமர், கூம்புமுனைத் தமர், தட்டைமுனைத் தமர், திருகுமுனைத் தமர் என்று, இந்த இரண்டோடு தகடு மாதிரி இருப்பதையும் நுனியில் திருகு உள்ளதையும் சேர்த்து, முனையை வைத்தே நான்கு வகைக்கும் பெயர் வைத்துவிடலாம்.

கீழக்கரையிலிருந்து:

தம்பி, 'தமர்' சரி. கடையில் பிட் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள் என்பதால், கையேட்டில் முதல் முறை வரும் இடத்தில் "தமர், அதாவது பிட்" என்று எழுதிவிடுங்கள்.

'தட்டைமுனை'தான் இடிக்கிறது. அதில் தட்டையாக இருப்பது தகடு. முனை மற்ற எல்லாவற்றையும் விட நீளமான ஊசி. 'தட்டைமுனை' என்று படித்தவன் அந்த நீள ஊசியை மறந்துவிடுவான், கேடு அதில்தான் வரும். 25 மி.மீ. தட்டையை நிமிடத்துக்கு 1000 முதல் 1500 சுற்றில் ஓட்டி, அடிப்பக்கம் ஊசி எட்டிப் பார்த்ததும் நிறுத்த வேண்டும். பலகையைத் திருப்பி, அதே ஓட்டையில் ஊசியை வைத்து மறுபக்கமிருந்து முடிக்க வேண்டும். நேராக அழுத்தி வெளியே விட்டால் அடியில் சிம்பு சிம்பாகப் பெயர்ந்துவிடும். 'தட்டைத் தமர்' போதும்.

திருகுமுனை மிகப் பொருத்தம். படகின் அடிமரமான ஏராவிலும் விலாச்சட்டமான வங்கிலும் போல்ட்டுக்கு ஆழத்துளை போடுவது அதனால்தான். நுனித் திருகு தானே மரத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும், நாம் அழுத்தத் தேவையில்லை. மிஷினைக் குறைந்த வேகத்தில் வைத்துப் பக்கக் கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லுங்கள். சிக்கிக்கொண்டால் மணிக்கட்டை முறுக்கிவிடும்.

தொண்டியிலிருந்து:

இருவருக்கும் வணக்கம். ஐந்தாவது ஒன்று விடுபட்டிருக்கிறது: ஃபார்ஸ்ட்னர். பெஞ்சமின் ஃபார்ஸ்ட்னர் 1874-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. அதிலும் நடுவில் சின்ன ஊசி உண்டு, ஆனால் வழிகாட்டுவது சுற்று விளிம்பு. பலகை ஓரத்தில் அரைவட்டமாகக் கூட வெட்டும், ஊசிமுனையால் அது முடியாது. அலமாரிக் கதவில் புதையும் கிண்ணம் போன்ற கப் கீலுக்கு 35 மி.மீ. அகலம், சுமார் 12 மி.மீ. ஆழம் குடைவது இதில்தான். 'விளிம்புத் தமர்' என்று வைக்கலாம். பெயரை முனை என்று கட்டிப்போடாமல், எது வழிகாட்டுகிறதோ அதை வைத்தால் இதுவும் பொருந்தும். தட்டை மட்டும் விதிவிலக்கு.

சொல்லோடு இன்னொன்றையும் கையேட்டில் சேருங்கள். கழித்துப் போட்ட பழைய படகின் பலகையில் ஊசிமுனையை வைக்கக் கூடாது. உள்ளே முறிந்த ஆணி கிடக்கும், முள் ஒரே சுற்றில் உடையும். அங்கே கூம்புமுனைதான். பனஞ்சட்டத்திலோ கறுப்பு நார் இரும்பு மாதிரி, அடுத்தே சோறு எனப்படும் மெத்தென்ற உள்பாகம். ஊசி மெத்தான பக்கம் விலகும். குத்தூசியால் குறியை முதலில் ஆழமாகக் குத்திக்கொள்ள வேண்டும்.

பாம்பனிலிருந்து:

விளிம்புத் தமர், தட்டைத் தமர் இரண்டையும் ஏற்றுக்கொள்கிறேன். முறுக்கின் பள்ளத்துக்குப் 'புரி' போடுகிறேன், ஏனென்றால் அடுத்த பக்கத்தில் அந்தச் சொல் இல்லாமல் எழுத முடியவில்லை. துளை ஆழமாகும்போது சீவல் புரியில் அடைத்து, தமர் சூடேறிக் கருகல் வாடை வருகிறது. தமரின் அகலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு இறங்கியதும், சுற்றிக்கொண்டிருக்கும்போதே வெளியே இழுத்துச் சீவலை உதற வேண்டும். சாதாரணக் கார்பன் எஃகு நீலம் பாய்ந்துவிட்டால் முனையின் பதம் போயிற்று.

புதுத் தமரில் துரு பிடிக்காமலிருக்கத் தடவி வரும் எண்ணெயைத் துணியால் துடைத்துவிட்டு மாட்ட வேண்டும், இல்லையென்றால் மரத்தில் கறை பிடிக்கும். வேலை முடிந்ததும் மிஷின் எண்ணெய் தொட்ட துணியால் புரிக்குள்ளும் துடைத்து வைக்க வேண்டும். நம் உப்புக்காற்றில் துரு முதலில் பிடிப்பது அந்தப் புரிக்குள்தான்.

மிஷினில் தமரைக் கவ்விப் பிடிக்கும் 'சக்'கை அதன் சாவியால் ஒரே ஓட்டையில் இறுக்காமல் மூன்று ஓட்டையிலும் இறுக்கச் சொல்கிறேன். சக்குக்கு 'கவ்வி' என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு உண்டா?