பழைய வால்வு பாஸ் அம்ப்: ஸ்பீக்கருக்குச் சத்தம் வந்து வந்து போகுது, உதவி வேணும்

கேள்வி – திருகோணமலை டவுன்

ஃபெண்டர் பாஸ்மேன் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத அம்ப் பெட்டி), உள்ளுக்கு ஒட்டியிருக்கிற தாளில சுற்று எண் ஏபி165 எண்டு கிடக்கு. அவுட்புட் வால்வு 6எல்6ஜிசி ரெண்டு. தனிப் பெட்டியில 12 அங்குல ஸ்பீக்கர் ரெண்டு, ஒண்டொண்டும் 8 ஓம், பரலலாக் கட்டினது. 230இலிருந்து 120க்கு இறக்கிற ட்ரான்ஸ்போமரிலதான் ஓடுது.

வாசிச்சுக் கொண்டிருக்கேக்க சத்தம் திடீரெண்டு படுத்துப் போகும், கரகரக்கும். பின்பக்க பிளக்கை ஆட்டினா முழுச் சத்தமும் திரும்பி வரும். எக்ஸ்டர்னல் ஸ்பீக்கர் ஜேக்கில மட்டும் குத்தினா ஒண்டுமே இல்லை. வால்வு எல்லாம் எரியுது. திருத்துறவர் ஒருவர் அவுட்புட் ட்ரான்ஸ்போமர் போச்சு, வெளிநாட்டில இருந்து எடுக்கவேணும் எண்டு சொல்றார். எடுக்கவா?

பதில் – உப்புவெளி

தம்பி, ட்ரான்ஸ்போமருக்கு இப்ப காசு அனுப்பாதீங்கோ. எரிஞ்ச வைண்டிங் பிளக்கை ஆட்டினதால சுகப்படாது. ஆட்டினா வருதெண்டால் பிழை பெரும்பாலும் ஜேக்கில, இல்லாட்டி கேபிளில.

எக்ஸ்டர்னல் ஜேக்கில தனியக் குத்தினா சத்தம் வராதது பழுதே இல்லை, அந்த அம்ப் அப்பிடித்தான் செய்யப்பட்டது. மெயின் ஜேக்கில ஒரு மேலதிகத் தகடு இருக்கு. பிளக் இல்லாத நேரம் அது அவுட்புட்டை சேஸியோட (அம்பின்ர உலோகச் சட்டம்) சேர்த்து ஷோர்ட் பண்ணி வைக்கும். ரெண்டு ஜேக்கும் பரலல் எண்டபடியால் மெயின் வெறுமையா இருந்தா எக்ஸ்டர்னலும் ஷோர்ட். வால்வு அம்ப் ஷோர்ட்டைக் கொஞ்ச நேரம் தாங்கும், ஸ்பீக்கரே இல்லாமல் வாசிச்சாத் தாங்காது. சுமை இல்லாட்டி அவுட்புட் ட்ரான்ஸ்போமரின்ர ப்ரைமரியில (வால்வுப் பக்க வைண்டிங்) பெரிய வோல்டேஜ் எழும்பி, வால்வு சொக்கட்டில 3ஆம் பின்னுக்கும் 2ஆம் பின்னுக்கும் இடையில பொறி பாயும். அந்த இடத்தில கறுப்புக் கோடு விழுந்திருந்தா சொக்கட்டையும் மாத்தவேணும், சுரண்டிவிட்டுப் பாவிக்க வேண்டாம்.

முதல்ல அம்பைத் தொடாமல் பெட்டியைப் பாருங்கோ. கேபிளின்ர அம்ப் பக்க பிளக்கில மீட்டரை ஓம்ஸில வையுங்கோ. ரெண்டு 8 ஓம் பரலல் எண்டால் 3க்கும் 3.5க்கும் இடையில காட்டும். 6, 7 காட்டினா ஒரு ஸ்பீக்கர் அறுந்திருக்கு. மீட்டரை எடுக்காமல் பிளக்கடியில கேபிளை வளையுங்கோ, பிறகு ரெண்டு ஸ்பீக்கரின்ர கோனையும் (கடதாசிக் கூம்பு) விரலால மெல்ல உள்ளே தள்ளுங்கோ. எண் துள்ளினா வொயிஸ் கொயிலுக்குப் போற பின்னல் வயர் அறுந்து தொட்டுக்கொண்டிருக்கு.

கேபிள் கிட்டாருக்குக் குத்துற ஷீல்ட் வயரெண்டால் அதை முதல்ல மாத்துங்கோ. ஸ்பீக்கருக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் ரெண்டு கோர் வயர் வேணும். ஷீல்ட் வயரின்ர நடுக் கம்பி நூல் மாதிரி, 50 வாட்டுக்கு அது சரிவராது.

கேட்டவர்

நன்றி அண்ணா. கேபிள் முனையில 3.3 ஓம், வளைச்சாலும் கோனைத் தள்ளினாலும் அசையேல்லை. மெயின் ஜேக்கில இருந்து சேஸிக்கு 0.3 ஓம் காட்டுது, வெறும் பிளக் குத்தினாலும் அதே 0.3. அப்ப ஷோர்ட்தானே?

பதில் – தம்பலகாமம்

அந்த 0.3இலிருந்து எதுவும் தெரியாது. ட்ரான்ஸ்போமரின் செக்கண்டரி (ஸ்பீக்கர் பக்க) வைண்டிங்கின் டிசி தடையே 1 ஓமுக்குக் குறைவு. தகடு தொட்டாலும் தொடாவிட்டாலும் மீட்டர் ஒரே மாதிரித்தான் காட்டும். இந்த இடத்தில்தான் நல்ல ட்ரான்ஸ்போமரைப் பழுது என்று சொல்லிவிடுகிறார்கள்.

சேஸியைத் திறக்கவேண்டும். அதற்கு முன் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். ஃபில்டர் கப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டருக்கு இரு பக்கமும் இன்சுலேட் செய்த கிளிப் போட்டு, ஒன்றைச் சேஸியிலும் மற்றதைக் கப்பாசிட்டரின் நேர் முனையிலும் பிடித்து இறக்குங்கள். மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்க்காமல் கை வைக்கவேண்டாம்.

இப்போது மெயின் ஜேக்கில் வெறும் பிளக்கைக் குத்தி, டோர்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். தகடு தெளிவாக விலகவேண்டும். இரண்டு தொடுமுனைகளுக்கும் நடுவே ஒரு துண்டுக் கடதாசி தடையில்லாமல் போய்வரவேண்டும். பிடிபட்டால், பிளக் உள்ளே இருக்கும்போதே அவுட்புட் அரைகுறையாக ஷோர்ட் ஆகிறது. உங்கள் சத்தம் படுத்துப்போவது அதனால்தான்.

துறைமுகத்துக் காற்றில் இருக்கும் கருவி என்பதால் இன்னும் இரண்டு இடம் பாருங்கள். தகடுகளை அடுக்கி ரிவெட் அடித்த இடத்தில் நீலப்பச்சைத் தூள் பூத்திருந்தால், துடைத்தாலும் உள்ளே கறள் நிற்கும், ஜேக்கை மாற்றுவதே வழி. அடுத்தது ஜேக்கின் நட். எக்ஸ்டர்னல் ஜேக்கின் ஏர்த் அநேகமாகச் சேஸி வழியாகவே வருகிறது. நட் தளர்ந்து அடியில் உப்புப் படிந்தால் அந்தத் தொடர்பு போய்விடும். பல் வாஷரைக் கழற்றிச் சேஸியைப் பளபளப்பாகத் தேய்த்துத் திரும்ப இறுக்குங்கள். ஆனால் தொடுமுனைகளில் உப்புத்தாள் போடவே வேண்டாம், மேற்பூச்சு உரிந்தால் இரண்டு மழைக்குள் பழையபடி கறுக்கும். ஐசோபுரோபைல் அல்ககோலில் நனைத்த தடித்த கடதாசியை இடையில் இழுத்தால் போதும்.

மாற்றுவதென்றால் ஸ்விட்ச்கிராஃப்ட் 12ஏ. அதே கம்பனியின் 11 பார்வைக்கு ஒன்றுபோலத்தான், அதில் ஷோர்ட் தகடு கிடையாது.

ட்ரான்ஸ்போமர் சந்தேகத்தையும் தீர்த்துவிடலாம். 6எல்6 இரண்டையும் கழற்றுங்கள். மெயின் ஜேக்கில் வெறும் பிளக் இருந்து தகடு விலகியிருக்கட்டும், இல்லாவிட்டால் ஷோர்ட் தகடே வைண்டிங் பழுதுபோலக் காட்டும். 12 வோல்ட் ஏசி தரும் சிறு ட்ரான்ஸ்போமரை (டிசி அடப்டர் சரிவராது) அவுட்புட் ட்ரான்ஸ்போமரின் நீல வயருக்கும் பிறவுண் வயருக்கும் கொடுங்கள். ஏறக்குறைய 4000 ஓமிலிருந்து 4 ஓமுக்கு இறக்குவது என்றால் சுற்று விகிதம் 31.6க்கு 1. ஸ்பீக்கர் பக்கம் 0.38 வோல்ட் அளவில் வரவேண்டும். நடு வயரான சிவப்பிலிருந்து இரண்டு பக்கமும் 6 வோல்ட் சமமாக இருக்கவேண்டும். 12 வோல்ட் விழுந்து சிறு ட்ரான்ஸ்போமர் சூடேறினால் மட்டும் வைண்டிங்கைச் சந்தேகியுங்கள்.

திறந்த கையோடு, ஏர்த் சுவிட்சில் மெயின்ஸ் வயருக்கும் சேஸிக்கும் இடையே கப்பாசிட்டர் இருந்தால் வெட்டி எடுத்துவிட்டு, மூன்று கம்பி வயர் போட்டுச் சேஸிக்கு ஏர்த் கொடுங்கள். இறக்கும் ட்ரான்ஸ்போமர் ஓட்டோ வகையாக இருந்தால் மெயின்ஸிலிருந்து பிரிப்பே இல்லை. அந்தக் கப்பாசிட்டர் ஷோர்ட்டானால் வாசிப்பவரின் கைக்குக் கறண்ட் வரும்.

கேட்டவர்

கடதாசி பிடிபட்டது, தகடு சரியா விலகேல்லை. 12ஏ போட்டிட்டுப் பாத்தன், ட்ரான்ஸ்போமர் 0.37 வோல்ட், ரெண்டு பக்கமும் 6. இப்ப சத்தம் நிண்டு பிடிக்குது. ஆனா கீழ் ஈ தந்தி மெலிஞ்சு கேக்குது. போன மாதம் ஒரு ஸ்பீக்கருக்குக் கோன் மாத்தினது.

பதில் – உப்புவெளி

ஒரு ஸ்பீக்கர் தலைகீழாக் கட்டுப்பட்டிருக்கும். ஒண்டு முன்னுக்குத் தள்ளேக்க மற்றது பின்னுக்கு இழுத்தா 41 ஹெர்ட்ஸ் ஒண்டையொண்டு தின்னும், மேல் தந்திகள் அவ்வளவாத் தெரியாது. ஹெட்டைக் கழட்டிவிட்டு 1.5 வோல்ட் பற்றரியை கேபிள் பிளக்கில ஒருக்காத் தொட்டு எடுங்கோ. ரெண்டு கோனும் ஒரே பக்கம் போகவேணும். எதிரெதிராப் போனா கோன் மாத்தினதின்ர ரெண்டு வயரையும் இடம் மாத்துங்கோ.

பதில் – தம்பலகாமம்

சேஸியை மூடும் முன் பயஸையும் (வால்வின் கிரிட்டுக்குக் கொடுக்கும் மறை வோல்டேஜ்) பாருங்கள். 6எல்6 இல்லாமல் இரு சொக்கட்டிலும் 5ஆம் பின்னில் −45 வோல்ட்டுக்குக் கிட்ட அல்லது அதைவிட மறையாக இருக்கவேண்டும். சில வோல்ட் வித்தியாசம் பரவாயில்லை, இந்த மாதிரியில் இருக்கும் பொட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) இரண்டு வால்வையும் சமப்படுத்துவதற்கே. ஒன்று மட்டும் பூச்சியத்தை நோக்கி நகர்ந்தால் அந்தப் பக்கத்து 0.1 மைக்ரோஃபரட் கப்ளிங் கப்பாசிட்டர் கசிகிறது, மாற்றாமல் வால்வைப் போடவேண்டாம். முதல் தடவை 100 வாட் குண்டு பல்ப் ஒன்றைச் சீரிஸில் வைத்து ஓன் செய்யுங்கள். பல்ப் மங்கி அடங்கினால் நல்லது, பிரகாசமாகவே நின்றால் உடனே ஓஃப்.