ஸ்டென்டோடு கழித்த வாரங்கள்: சிறுநீரகக் கல் அறுவைக்குப் பின்

சிறுநீர்க்குழாயில் சிக்கியிருந்த கல்லை லேசரால் உடைத்தெடுத்த அறுவைசிகிச்சையைவிட, அதன்பின் உள்ளே வைத்தனுப்பிய டிஜே ஸ்டென்டோடு கழிந்த வாரங்களே எனக்குக் கடினமாக இருந்தன. முன்பே தெரிந்திருந்தால் வீண் பயம் குறையும் என்பதால் விரிவாக எழுதுகிறேன். ஒரு முனை சிறுநீரகத்திலும் மறுமுனை சிறுநீர்ப்பையிலும் சுருண்டிருக்கும் அந்த மெல்லிய குழாய், அறுவைக்குப் பின் வீங்கியிருக்கும் பாதை அடைபடாமல் காக்கிறது. ஆனால் கீழ்முனை பையை உரசிக்கொண்டே இருப்பதால், பை நிரம்பாதபோதும் உடனே போகவேண்டும் என்ற முட்டல் வரும். கழிக்கும்போது சிறுநீரில் சிறிது மேல்நோக்கித் திரும்புவதால் விலாப்புறம் சுரீரென்று இழுக்கும். மாடிப்படி ஏறி இறங்கிய நாட்களில் சிறுநீர் இளஞ்சிவப்பாக வந்தது. தண்ணீர் குடித்து ஓய்வெடுத்ததும் தெளிந்தது. சிறுநீர்ப் பாதையின் தசைகளைத் தளர்த்த மருத்துவர் எழுதித்தந்த டாம்சுலோசின் மாத்திரை ஓரளவு கைகொடுத்தது.

டோம்பிவ்லியிலிருந்து மும்பையின் சி.எஸ்.எம்.டி. ரயில் முனையம் வரை தினமும் லோக்கல் ரயிலில் வேலைக்குப் போகிறவன் நான். அந்த வண்டிகளில் கழிப்பறை கிடையாது என்பதும், நெரிசலில் நினைத்த இடத்தில் இறங்க முடியாது என்பதும் இங்குள்ளவர்களுக்குத் தெரியும். ஸ்டென்ட் எடுக்கும்வரை வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கேட்டு வாங்கினேன். நீங்களும் தயங்காமல் கேளுங்கள். பயணத்துக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைப்பதுதான் பெரிய ஆபத்து. மும்பைப் புழுக்கத்தில் குடிப்பதில் பெரும்பங்கு வியர்வையாகவே போய்விடுவதால், எவ்வளவு குடித்தோம் என்பதைவிட நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீராவது வெளியேறுகிறதா என்று பார்க்கச் சொன்னார் மருத்துவர்.

என் கல் கால்சியம் ஆக்சலேட் வகை என்று பரிசோதனையில் தெரிந்தது. பெயரில் கால்சியம் இருப்பதால் பாலையும் தயிரையும் விட்டுவிட வேண்டும் என்று வீட்டில் பலர் சொன்னார்கள். அது தவறு, உணவிலுள்ள கால்சியம், கல்லாக மாறக்கூடிய ஆக்சலேட்டைக் குடலிலேயே பிணைத்து வெளியேற்றிவிடுகிறது. நான் குறைத்துக்கொண்டவை உப்பு மிகுந்த ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், ஆக்சலேட் மிகுந்த பாலக் கீரை.

— இந்தப் பதிவுக்குச் செம்பூரிலிருந்து ஓர் உறுப்பினரின் மறுமொழி:

ஐயா, உங்கள் பதிவு மிகவும் பயன்படும். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். என் மாமனார் வலி அடங்கிவிட்டதென்று ஸ்டென்ட் எடுக்கும் தேதியை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுவிட்டார். அதன்மேலேயே கல் படிந்துவிட்டதால், மரத்துப்போகும் ஜெல் தடவிச் சில நிமிடங்களில் எடுத்திருக்கவேண்டியதற்கு மீண்டும் மயக்கமருந்தும் லேசரும் தேவைப்பட்டன. ஆகவே வீட்டில் யாராவது ஒருவர் அந்தத் தேதியைக் குறித்துவைத்து நினைவூட்ட வேண்டும். ஸ்டென்ட் இருக்கும்போது நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் கட்டிக்கொண்டாலோ, இரவானாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.