கலைச்சொல்: ‘காம்பினேஷன் டூல்’ – ‘கழற்றுளி’ என்று வைக்கலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ராணுவ ரைஃபிளைக் கழற்றவும் பராமரிக்கவும் பயன்படும் ‘காம்பினேஷன் டூல்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று, தாம் எழுதும் கையேட்டுக்காக நம் குழுத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். இதுவரை வந்தவை இரண்டு:

> கூட்டுக்கருவி
> பல்நோக்குக் கருவி

இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. நான் எம்16 ரைஃபிள் புழங்கிய காலத்தில் தேசிய சேவை செய்தவன். அப்புறம் ரிசர்விஸ்ட் பயிற்சிகளில் எஸ்ஏஆர் 21 ரைஃபிளையும் கழற்றி மாட்டியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் ‘கூட்டு’. வட்டிக்கு அது பொருந்தும், கூட்டு வட்டி என்கிறோம். ஆனால் கூட்டு என்றாலே சேர் என்று பொருள் வருகிறதே. இந்தக் கருவியின் முதல் வேலை பிரிப்பது. பிரிக்கும் கருவியைக் கூட்டுக்கருவி என்றால், கையில் எடுக்கும் பையன் குழம்பிப் போவான்.

அடுத்தது ‘பல்நோக்கு’. சிங்கப்பூரில் இந்தச் சொல்லைக் கேட்டதும் புளோக்குக்குக் கீழே திருமணத்துக்கு வாடகைக்கு எடுக்கும் பல்நோக்கு மண்டபம்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். தவறான சொல் இல்லை. கத்தி, குறடு, ரம்பம் எல்லாம் மடித்து வைத்த சாதாரணச் சட்டைப்பைக் கருவிக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். தம்பி கேட்பது துப்பாக்கிக்கென்றே சில உறுப்புகள் சேர்த்த கருவியை. லெதர்மேன் நிறுவனத்தின் ‘எம்யூடி’ அந்த வகை. அதில் துப்பாக்கி உறுப்புகளை இணைக்கும் பின்களை, அதாவது முளைகளை, தள்ள ஒரு முனையும், சுட்டபின் படியும் கரியைச் சுரண்ட ஒரு வெண்கலத் தகடும் உண்டு. இரண்டும் 8-32 அளவு மரையில் திருகி மாட்டுபவை, தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். அமெரிக்கப் படையின் துப்புரவுக் கம்பிகளிலும் இதே மரைதான்.

அந்தக் கரியைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பெயர் அங்கிருந்துதான் வர வேண்டும் என்று நினைக்கிறேன். எம்16-இல் சுடும்போது, தோட்டா பாயும் குழலிலிருந்து வரும் வாயு ஒரு சிறு குழாய் வழியாக நேராக போல்ட் கேரியருக்குள்ளேயே (தோட்டாவைப் பூட்டும் போல்ட்டைத் தாங்கி முன்னும் பின்னும் நகரும் உறுப்பு) வந்து சேரும். அதனால் போல்ட்டின் வால் பகுதியைச் சுற்றிக் கரி வளையமாகப் படிந்து கல்லாக இறுகிவிடும். எண்ணெய் விட்டு ஊறவைத்துத் துணியால் தேய்த்தாலும் லேசில் போகாது, சுரண்டித்தான் ஆக வேண்டும். எஃகால் சுரண்டினால் உலோகத்தில் கீறல் விழும். வெண்கலம் எஃகைவிட மென்மை, கரி மட்டும் பெயர்ந்து வரும். வெண்கலத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இதுதான். எஸ்ஏஆர் 21-இல் வாயு பிஸ்டனைத் தள்ளுவதால் போல்ட் அவ்வளவு கறுக்காது. ஆனால் நம் ஊர் ஈரப்பதத்துக்குத் துரு பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை எந்தத் துப்பாக்கிக்கும் உண்டு.

பின் தள்ளும் முனை இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? எம்16-இன் கழற்றும் பின் இறுகியிருந்தால் தோட்டாவின் கூர்நுனியாலேயே தள்ளலாம், குறிபார்க்கும் முன்குறியைத் திருப்பவும் அதே நுனி போதும். ஏகே-47-இல் அடிக்கட்டைக்குள் ஓர் உருளை டப்பா இருக்கும். அதற்குள் தூரிகை, திருப்புளி, பின் தள்ளும் முள். கம்பியைச் செருகினால் டப்பாவே கைப்பிடியாகிவிடும். லீ-என்ஃபீல்டின் கட்டைக்குள்ளும் எண்ணெய்க் குப்பியும், குழலுக்குள் இழுத்துத் துடைக்கும் புல்-த்ரூ கயிறும் வைக்க இடம் உண்டு.

சரி, சொல்லுக்கு வருகிறேன். முகாமிலிருந்து சனிக்கிழமை வீடு திரும்பும் பையன் அம்மாவிடம் என்ன சொல்கிறான்? “ரைஃபிள் கழட்டி க்ளீன் பண்ணோம்மா” என்கிறான். அணிவகுப்புக் கட்டளைகள் மலாயில், பாடம் ஆங்கிலத்தில், நண்பர்களோடு பேச்சில் ஹொக்கியன் கலந்திருக்கும். இத்தனைக்கும் நடுவே ‘கழட்டு’ என்ற தமிழ் வினை பிழைத்து நிற்கிறது. அதை விட்டுவிட்டுப் புதிதாக எங்கே தேடுவது? திருப்பு + உளி திருப்புளி ஆனதுபோல, கழற்று + உளி = கழற்றுளி. என் பரிந்துரை இதுதான். பேச்சில் ‘கழட்டுளி’ என்றாலும் குறையில்லை.

உளி என்றால் வெட்ட வேண்டாமா என்று நம் குழு அக்கா கேட்பார். திருப்புளியும் எதையும் வெட்டுவதில்லையே அக்கா. உறுப்புகளைத் தனியே குறிக்க வேண்டிய இடத்தில் பின் தள்ளும் முனைக்கு ‘முளைதள்ளி’, தகட்டுக்கு ‘கரிசுரண்டி’ என்று எழுதலாம். ‘படைக்கலப் பேணி’ என்று ஒன்று என் மனத்திலும் ஓடியது. யாழ்ப்பாண நண்பர்களுக்குப் பேணி என்றால் தகரக் குவளை, சென்னைக்காரர்களுக்குப் பாலில் ஊறும் இனிப்பு. ஆகவே வேண்டாம்.

இன்னொன்றையும் தீர்த்தாக வேண்டும். ஆங்கிலத்தில் ‘காம்பினேஷன் டூல்’ என்ற இதே பெயரைப் பட்டறையில் ஆயுதத் தொழில்நுட்பர் பிடிக்கும் பெரிய ஸ்பேனருக்கும் சொல்கிறார்கள். குழலை இறுக்கும் மரை, பின்கட்டைக் குழாயின் மரை, குழல்வாய் உறுப்பு ஆகிய மூன்றுக்கும் ஒரே தகட்டில் வெவ்வேறு பற்களும் வாய்களும் வெட்டியிருக்கும். சிப்பாய் அதைத் தொடவே மாட்டான், தொடவும் கூடாது. குழல் மரையை அளந்த விசையில்தான் முடுக்க வேண்டும், அது பயிற்சி பெற்றவர் வேலை. இரண்டுக்கும் தமிழில் ஒரே பெயர் வைத்தால் கையேட்டைப் படித்துவிட்டு யாராவது முகாமில் குழலைக் கழற்றப் பார்ப்பார்கள். ஆங்கிலத்தில் இருக்கும் மயக்கத்தை நாமும் ஏன் சுமக்க வேண்டும்? பட்டறைக் கருவிக்கு ‘மரைமுடுக்கி’ என்று எழுதிப் பார்த்தேன். ‘முடுக்கி’ ஏற்கெனவே வண்டியின் ஆக்சிலரேட்டருக்கும் புழங்குவதால் முழு நிறைவு இல்லை. பட்டறையில் வேலை செய்தவர்கள் நம் குழுவில் இருக்கிறீர்கள். நீங்கள் அதை என்ன சொல்லிக் கேட்டு வாங்குவீர்கள் என்று எழுதுங்கள். அது வந்ததும் தம்பியின் கையேட்டில் இரண்டையும் சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
உட்லண்ட்ஸ் வட்டாரத்திலிருந்து ஒரு குழு உறுப்பினர்