மறு: ‘ரெவ் ஹேங்’ என்பதற்கு ‘அடங்காச் சுற்று’

அனைவருக்கும் வணக்கம்.

கார் என்ஜினில் ஆங்கிலத்தார் ‘ரெவ் ஹேங்’ (rev hang) என்று சொல்லும் நிலைக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த உரையாடலை நான்கு நாட்களாக வாசித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். சொல்லுக்குச் சொல் பெயர்த்த ‘சுற்றுத் தொங்கல்’ ஏறத்தாழ முடிவாகிவிடும் போலத் தெரிந்ததால் இன்று எழுத உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சொல் வேண்டாம் என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்லிவிட்டு என் சொல்லை வைக்கிறேன்.

கியர் வைத்த வண்டி ஓட்டாத நண்பர்களும் இங்கே இருப்பதால், நடப்பது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் கியரில் போகிறோம், என்ஜின் நிமிடத்துக்கு 3000 முறை சுற்றுகிறது. மூன்றாவதுக்கு மாற்ற வேண்டும். இரண்டாம் கியரின் விகிதம் (கியர்ப் பெட்டியிலிருந்து வெளியே வரும் தண்டு ஒரு முறை சுற்ற என்ஜின் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது) 2.0 என்றும் மூன்றாவதன் விகிதம் 1.4 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் வேகம் அப்படியே இருக்க, மூன்றாவது கியரில் என்ஜின் 2100 முறை சுற்றினால் போதும். ஆகவே கிளட்சை மிதித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த அந்த நொடிப்பொழுதில் என்ஜின் 3000இலிருந்து 2100க்கு இறங்க வேண்டும். பழைய கார்களில் இறங்கிவிடும். இப்போதைய கார்கள் பலவற்றில் சுற்றைக் காட்டும் முள் மேலேயே நின்றுகொண்டிருக்கும், சிலவற்றில் இன்னும் ஒரு நூறு ஏறிவிட்டுத்தான் இறங்க மனம் வரும். அது இறங்குவதற்குள் கிளட்சை விட்டால் வண்டி முன்னால் துள்ளும், கிளட்ச் தட்டு தேயும். பெயர் கேட்பது இந்த இறங்க மறுக்கும் நிலைக்குத்தான்.

இப்போது தொங்கலுக்கு வருவோம். தமிழில் தொங்குவது கீழ்நோக்கித் தொங்குகிறது. காதில் தொங்கட்டான் தொங்குகிறது, புளியமரத்தில் வௌவால் தொங்குகிறது. முள் மேலே நின்று இறங்க மறுப்பதைக் காட்ட இந்தப் படம் உதவாது. முடிவாகாமல் கிடக்கும் வழக்கும் தொங்கலில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்து நண்பர் மன்னிக்க வேண்டும், அவர் ஊரில் தொங்கல் என்றால் தெருவின் கடைசி என்று நான் கேட்டிருக்கிறேன்.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் எப்போதும் தோற்றுப்போகும் என்று சொல்ல வரவில்லை. ‘கொண்டை ஊசி வளைவு’ அப்படிப் பெயர்த்ததுதான். கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் என்று பலகையில் எழுதியிருப்பதை யாரும் ஒட்டாத தமிழாகப் படிப்பதில்லை. நம் பெண்கள் தலையில் கொண்டையும் உண்டு, ஊசியும் உண்டு. வளைவைப் பார்த்தவுடன் ஊசி கண்ணுக்குத் தெரிகிறது. தொங்கலில் அப்படி எதுவும் தெரியவில்லை.

பேராசிரியர் ஐயா முன்வைத்த ‘சுழல் நிலைம நீட்சி’யை நான் மதிக்கிறேன். நிலைமம் (inertia) பள்ளிப் பாடத்திலேயே வேரூன்றிய சொல், என்ஜினோடு சேர்ந்து சுற்றும் பிளைவீல் என்ற கனமான சக்கரம் சுற்றுவதை நிறுத்த நேரமாகும் என்பதும் உண்மை. ஆனால் ஐயா, இங்கே முதன்மையான காரணம் பல வண்டிகளில் நிலைமம் அன்று. முன்பு ஆக்சிலரேட்டரிலிருந்து ஒரு கேபிள் நேரே போய், என்ஜினுக்குள் காற்று நுழையும் வாயில் இருக்கும் தகட்டைத் திறந்து மூடியது. காலை எடுத்தால் தகடு சட்டென்று மூடிக்கொள்ளும். இன்று கேபிள் கிடையாது. கால் விண்ணப்பம் போடுகிறது, கணினி பார்த்து முடிவெடுக்கிறது. தகடு சட்டென்று மூடினால் உள்ளே வெற்றிடம் கூடி, காற்றுக்குழாயின் சுவரில் ஒட்டியிருக்கும் பெட்ரோல் படலம் ஒரேயடியாக ஆவியாகிவிடும். அவ்வளவு பெட்ரோலை எரிக்கக் காற்று போதாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே போகும். புகை விதிகள் இறுகிய காலத்தில் இதை அனுமதிக்க முடியாது என்பதால் கணினி அந்தத் தகட்டை மெதுவாக மூடுகிறது. கார்புரேட்டர் காலத்திலேயே சில கார்களில் இதே வேலைக்கு ஒரு சிறு தடுப்பானைப் பொருத்தியிருந்தார்கள், ஆகவே இதைக் கணினியின் குறும்பு என்றும் சொல்ல முடியாது. போதாததற்கு, எங்காவது காற்று கசிந்தாலும், தகட்டில் கரி படிந்து ஒட்டிக்கொண்டாலும் இதே நிலைதான் வரும்.

காரணம் மூன்று நான்கு, கண்ணில் படுவது ஒன்று. அப்படியிருக்கையில் காரணத்தைப் பெயரில் கட்டிவைத்தால் பாதி இடங்களில் பெயர் பொய்யாகிவிடும். மஞ்சள் காமாலைக்கு நம்மவர்கள் கல்லீரலை வைத்துப் பெயரிடவில்லை, கண்ணில் தெரிந்த மஞ்சளை வைத்துத்தான் பெயரிட்டார்கள். கல்லீரலில் வந்தாலும் பித்தக்கல்லால் வந்தாலும் அந்தப் பெயர் பொருந்துகிறது.

இங்கே வந்த இன்னொரு சொல்லான ‘சுற்றுத் தயக்கம்’ அழகானது. எனக்கும் இரண்டு நாள் ஆசை இருந்தது. ஆனால் இயற்பியலில் காந்தத் தயக்கம் (hysteresis) என்று ஒன்று ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அதைவிடப் பெரிய தடை, ஓட்டுநர் காதில் ‘வண்டி தயங்குகிறது’ என்றால் மிதித்தும் எழவில்லை என்று பொருள். நாம் பேசுவது விட்டும் அடங்கவில்லை என்பதை. நேர் எதிர்.

அடங்கவில்லை என்று என்னையறியாமல் எழுதிவிட்டேன் பாருங்கள், அந்தச் சொல்லுக்குத்தான் வரப்போகிறேன்.

என் சித்தப்பா சங்ககிரியில் லாரி ஓட்டியவர். அவர் கையிலிருந்த பழைய லாரியில் சிங்க்ரோமெஷ் கிடையாது. கியர்ப் பெட்டிக்குள் பற்களின் வேகத்தைத் தானே சமன்செய்து தரும் அந்த அமைப்பு காடிலாக் கார்களில் 1928இலேயே வந்துவிட்டது, நம் லாரிகளுக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. அதனால் அவர் கியரை ஏற்றும்போது கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, கிளட்சை விட்டு, ஒரு கணம் காத்திருந்து, மறுபடி மிதித்துத்தான் அடுத்த கியரைப் போடுவார். டபுள் கிளட்ச் என்பார்கள். அவசரப்பட்டால் பற்கள் நெரியும் ஓசை மறுதெரு வரை கேட்கும். எனக்குக் கற்றுக்கொடுத்தபோது அவர் எண் எதையும் சொல்லவில்லை, அந்த வண்டியில் முள்ளும் இல்லை. சொன்னது ஒன்றே ஒன்று: “சத்தம் அடங்கட்டும்டா, அதற்குப் பிறகு போடு.”

அடங்குதல் என்ற வினையை எங்கெல்லாம் ஆள்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். உலையின் கொதி அடங்குகிறது, புழுதி அடங்குகிறது, குழந்தையின் அழுகை அடங்குகிறது, இரவில் ஊர் அடங்குகிறது. எல்லாமே கிளர்ந்தெழுந்த ஒன்று, கிளப்பியது போன பிறகு, தானாகத் தணிவது. காலை எடுத்த பின் என்ஜின் செய்ய வேண்டியதும் அதுவே. செய்யாவிட்டால் அது அடங்காச் சுற்று. செல்லாக் காசு, வாடா மலர், ஓயா அலை என்று நமக்குப் பழகிய எதிர்மறைப் பெயரெச்ச அமைப்புதான், புதிதாக இலக்கணம் எதையும் வளைக்க வேண்டியதில்லை.

இதிலிருந்து பெயர்ச்சொல் எடுக்கும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. இயல்பாக இறங்குவதற்குச் ‘சுற்றடக்கம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மாலை போட்டு மரியாதை செய்ய வேண்டும் போலத் தோன்றுகிறது. ‘அடங்கல்’ என்றால் கிராம நிர்வாக அலுவலர் தம் பயிர்க்கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். இயல்பாக இறங்குவதற்குச் சுற்றிறக்கம் போதும். நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற அளவைச் சுற்றெண் என்று வைத்துக்கொள்ளலாம், அதிர்வெண் போல.

கீழ்க்கியருக்கு வரும்போது கணக்கு தலைகீழாகிறது. 2100இலிருந்து 3000க்கு ஏற்ற வேண்டும், அதனால் கிளட்சை விடும் முன் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டுகிறார்கள். கொல்லிமலையில் இறங்கும் நல்ல ஓட்டுநர் யாரும் இதைக் கேட்காமலே செய்வார். இதற்குக் கோவை அம்மையார் தந்த ‘சுற்றுப் பொருத்தம்’ மீது ‘ஜாதக வாடை அடிக்கிறது’ என்று ஒரு குறை வந்தது. எனக்கு அந்த வாடைதான் பிடித்திருக்கிறது. இரண்டு பேரைச் சேர்த்துவைக்கும் முன் பார்ப்பது பொருத்தம், வெவ்வேறு வேகத்தில் சுற்றும் என்ஜினையும் சக்கரத்தையும் சேர்க்கும் முன் பார்ப்பதும் அதுதான். பார்க்காமல் சேர்த்தால் உதறுகிறது. 2009 மாடலாக வந்த நிஸான் 370இஸட் காரில் கணினியே இந்தப் பொருத்தத்தைப் பார்த்துக் கொடுத்தது, தரகர் இல்லாமல்.

கிளட்சுக்கும் கியருக்கும் தமிழ் வேண்டும் என்று தொடங்கிய கிளைவிவாதத்தில் நான் சேரவில்லை. ‘கியர் விழவில்லை’ என்று சொல்லும்போது அந்தச் சொல் நம் வினையோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிட்டது.

எந்தச் சொல்லையும் வண்டிக் கையேட்டு வாக்கியத்தில் வைத்துப் பார்க்காமல் ஏற்கக் கூடாது என்பது இங்கே நாமே வைத்துக்கொண்ட வழக்கம். என் வாக்கியம் இது: ‘கியரை உயர்த்தும்போது சிறிது நேரம் அடங்காச் சுற்று இருப்பது இந்த வண்டியில் இயல்பு, பழுதன்று. சுற்றிறக்கம் முடிந்தபின் கிளட்சை விடவும்.’ என் காரை வாங்கிய புதிதில் பணிமனையில் இதைப் பற்றிக் கேட்டபோது ‘அது அப்படித்தான் சார்’ என்ற பதிலைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை. இப்படி இரண்டு வரி கையேட்டில் இருந்திருந்தால் போயே இருக்க மாட்டேன்.

யாழ்ப்பாணத்து நண்பருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பக்கத்துப் பழைய லாரி ஓட்டுநர்கள் யாராவது இருந்தால், டபுள் கிளட்ச் போடும்போது எதற்காகக் காத்திருப்பார்கள், அதை என்ன வினையால் சொல்வார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அங்கேயும் ‘அடங்க’ என்றே வந்தால் எனக்கு மகிழ்ச்சி. வேறு வினை வந்து, அது இதைவிடப் பொருந்தினால், என் சொல்லை நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.